மயக்க நேரத்துக்கு ஒரு ஆள்

மைக்செட்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை வங்கிக்காரர்கள் மட்டும் பயன்படுத்தினார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் 'கேக்குதா'. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் மேடையில் நின்று மைக்கில் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். மற்ற மைக்செட்காரர்களைப் போல ஒன்று இரண்டு மூன்று எண்ணமாட்டார். எண்ணினால் நமக்கு எண்ணத் தெரியும் என்பதைத் தவிர வேறு என்ன நிரூபணமாகிறது என்பது அவர் கட்சி. கேக்குதா என்று கேட்டால் கடைசி வரிசையில் இருப்பவர் கையைத் தூக்குவார். தூக்காவிட்டால் வயர் அறுந்திருக்கலாம். அந்த ஆள் தூங்கிப்போயிருக்கலாம். நாற்காலியில் ஆளே இல்லாமலும் இருக்கலாம். மேடையிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. விளக்கு கண்ணில் அடிக்கும்.

கடவுள் விஷயத்திலும் அவருடைய நிலை இதுவாகத்தான் இருந்தது. உட்கார்ந்து யோசித்து வந்து சேர்ந்த நிலை அல்ல. தொழில் அவரைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஞாயிற்றுக்கிழமை மாலை கீழ்க் கூடத்தில் பிரார்த்தனைக் குழு கூடும். அதே நேரம் மேல் கூடத்தில் சிந்தனை வட்டம் கூடும். கடவுள் இல்லை என்பதை வாரம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளும் வட்டம் அது. யாராவது ஒருவர் கிழமையை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்டுப் பார்த்தார். அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொன்னதுதான் அவர்கள் ஒத்துப்போன ஒரே சந்தர்ப்பம்.

இரண்டு கூடத்துக்கும் ஒலிபெருக்கி கேக்குதாவுடையது. ஒலியைக் கூட்டிக் குறைக்க அவரிடம் இருந்த மிக்சர்களில் ஒன்று புகைந்துபோனதிலிருந்து இரண்டு கூட்டத்தையும் ஒரே மிக்சரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பலகை, பலகையின் மேல் மிக்சர், பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் அவர். இடது பக்கக் குமிழ்கள் கீழ்க் கூடத்துக்கு. வலது பக்கக் குமிழ்கள் மேல் கூடத்துக்கு. இடது காதில் கடவுள் இருந்தார். வலது காதில் இல்லை.

ஆரம்பத்தில் இது அவருக்கு மிகவும் சிரமமாக இருந்தது. அப்போது இளவயது. யார் நன்றாகப் பேசினாலும் மனம் அந்தப் பக்கம் சாயும். கீழே ஒருவர் அழுதுகொண்டே சாட்சி சொன்னால் இவருக்கும் கண் கலங்கும். அந்த ஈரம் காய்வதற்குள் மேலே ஒருவர், இத்தனை கோடி நட்சத்திரத்தையும் செய்தவருக்கு உன் பல்வலிதான் வேலையா என்று கேட்பார். நியாயமாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது யார் கடைசியாகப் பேசினாரோ அவர் கட்சியில் போவார். சில வருஷங்கள் இப்படி அலைந்துவிட்டு அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டார். கடவுள் இருக்கிறார் என்பவர்கள் உணர்ச்சிவசப்பட்டு மைக்கை விட்டு விலகிப் போவார்கள். இல்லை என்பவர்கள் உணர்ச்சிவசப்பட்டு மைக்கை விழுங்க வருவார்கள். அவர் கண்டறிந்த வித்தியாசம் அவ்வளவுதான். முன்னவர்களுக்குக் குமிழை ஏற்றவேண்டும். பின்னவர்களுக்கு இறக்கவேண்டும்.

யாராவது நேராகக் கேட்டால் "தெரியலை" என்பார். கேட்டவர்களுக்கு அது பிடிக்காது. தொழிலுக்காக நழுவுகிறார் என்று நினைப்பார்கள். அவருடைய மச்சான் அப்படி நினைத்ததோடு நிற்காமல் சொல்லவும் செய்தார்.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கையில் வேலை இல்லாமல் நேராகக் கடவுளிடம் வந்திருந்தார். சிந்தனை வட்டத்தின் தலைவர் அவர்தான். சாப்பிடும்போதுகூட எதிரே இருப்பவர் சொல்லும் வாக்கியத்தில் ஒரு சொல் உபரி என்று எடுத்துக் காட்டுவார். ஒருநாள் படியேறும்போது, மதில் மேல் பூனையாக எத்தனை காலம் இருப்பது என்று கேக்குதாவைக் கேட்டார்.

"பூனைக்கு மதில்தான் வீடு மச்சான்" என்றார் கேக்குதா. "நீங்கதான் அது எந்தப் பக்கமாவது குதிக்கும்னு பாத்துக்கிட்டே நிக்கறீங்க."

மனைவி கடவுளை நம்பினாள். அது அந்த வீட்டில் ஒரு விவாதமாக இருந்ததே இல்லை. அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளை மாலை வரை பார்த்துக்கொள்ளும் இடம். அவளுடைய பிரார்த்தனைக்குத் தனி நேரமோ தனி இடமோ கிடையாது. மூக்கைத் துடைத்துவிடும்போதும், பால் புகட்டும் பாலாடையைக் கழுவும்போதும் வாய்க்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவேண்டும், அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு பஸ் கிடைக்கவேண்டும், எதிர்வீட்டுப் பெண் பரீட்சையில் தேறவேண்டும். கேக்குதா ஒரு முறை இதை மச்சானிடம் சொன்னபோது, ஒரு தொலைபேசி இணைப்பகத்தையே நடத்துகிறாள் என்றார் அவர்.

அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னார். பையையே எடுத்துவிடவேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, வாரத்துக்குப் பத்துப் பேருக்குச் செய்கிறோம், ஒன்றரை மணி நேர வேலை, வலி தெரியாது, முழு மயக்கம் கொடுத்துவிடுவோம்.

வலது விலாவில் கையை அழுத்தியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள், கடைசி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காப்பகத்தில் ஆள் பற்றாக்குறை என்றாள். அடுத்துக் குறித்த நாளில் தலைவலி என்றாள். கல் உள்ளேயே இருந்தது. சாப்பிட்டால் வலித்தது, சாப்பிடாவிட்டாலும் வலித்தது. பை பழுத்து உள்ளே உடைந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்து கேக்குதாவுக்குத்தான் மயக்கம் வந்தது. கத்திக்குப் பயமா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"கத்திக்கு என்ன பயம். அந்த ஒன்றரை மணி நேரம் யார் வேண்டிக்கறது?"

அவருக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறாள். தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். மயக்கம் என்றால் அதுவும் கிடையாது. காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு: மாற்று ஆள் உள்ளே வந்து நின்ற பிறகுதான் இருக்கும் ஆள் அறையை விட்டு நகரலாம். அரை நிமிஷம்கூடப் பிள்ளைகளை ஆளில்லாமல் விடக் கூடாது. அவள் அத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் விட்டதில்லை. இப்போது தன்னையே அப்படி விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

"அந்த நேரத்துக்கு நீங்க பாத்துக்கணும்" என்றாள். "பாத்துக்கறேன்னா நான் போறேன். இல்லாட்டி கல்லு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

வேறூரில் இருக்கும் மகள் செய்யக்கூடாதா என்றார். கண்டிப்பா வேண்டிக்கறேம்மா என்று மகள் போனில் சொல்லிவிட்டாளாம். ஆனால் சொல்லும்போதே பின்னால் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டதாம். பிரார்த்தனைக் குழு இருக்கிறதே என்றார். அவர்களிடம் ஏற்கனவே இருபது முப்பது வேண்டுதல் நிற்கிறது, நம்முடையது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், நடுவில் டீ வந்துவிட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்றாள். நீங்கள் மிக்சரை விட்டு ஒரு நாளும் எழுந்து போனதில்லை என்றும் சொன்னாள். பாராட்டு போலத்தான் இருந்தது.

"எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையான்னே தெரியாதே" என்றார்.

"தெரியும். பொய்க்கு சரின்னு சொல்லுங்கன்னு கேக்கல. செய்ய முடியுமான்னு கேக்கறேன்."

அவரால் அவளிடம் பொய் சொல்ல முடியாது. பண்பு என்று சொல்வதற்கில்லை. பொய் சொன்னால் அவர் கை தானாக இடது காதுக்குப் போகும். கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் இதைக் கண்டுபிடித்திருந்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். டாக்டர் மூன்றாவது முறையாக நாள் குறித்திருந்தார். வியாழக்கிழமை. இதுவும் தப்பினால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோபமாகவே சொல்லியிருந்தார்.

முதலில் தபாலம்மாவிடம் போனார். தபால் அலுவலகத்தில் தலைமைப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரார்த்தனைக் குழுவை நடத்துபவர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கண்ணை மூடுங்கள் என்று அவர் சொன்னால் கீழ்க் கூடம் முழுவதும் கவுன்ட்டரை மூடியது போல் ஆகிவிடும். பிரார்த்தனை செய்வது எப்படி என்று கேக்குதா கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பல வருஷம் காத்திருந்த பார்சல் வந்துவிட்ட முகம். மிகவும் சுலபம் என்றார். முதலில் நம்பவேண்டும். பிறகு கேட்கவேண்டும். அனுப்பினால் போய்ச் சேரும். பதில் வரவில்லை என்றால் அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை.

கேக்குதா முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

"நம்பாமலே கேட்டா?"

"அது ஸ்டாம்ப் ஒட்டாத கடிதம்."

"ஒட்டாத கடிதமும் போகுமேம்மா. வாங்கறவங்க கட்டணும், அவ்வளவுதானே."

தபாலம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரை ஒரு முறை பார்த்தார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகம் அவரைப் பொய் சொல்ல விடவில்லை. "போகும்" என்றார். "இரட்டிப்புக் கட்டணம்."

மச்சானிடமும் போனார். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போக மறுக்கும் காரணம் மச்சானுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை, வேண்டிக்கொள்கிறேன் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கவேண்டியதுதானே என்று கத்தினார். கடவுள் மறுப்பாளர் ஒருவர் பிரார்த்தனைக்காக இவ்வளவு வாதாடி கேக்குதா பார்த்ததில்லை.

"இல்லாத ஆளுகிட்ட பொய் சொன்னா அது பொய்க் கணக்குலயே வராது மாப்ளே."

"அவர்கிட்ட சொல்றது வராது மச்சான். உங்க தங்கச்சிகிட்ட சொல்றது வருமே."

மச்சான் அந்த வாக்கியத்தில் பிழை தேடினார். கிடைக்கவில்லை.

வியாழனுக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கூடமும் நிரம்பியிருந்தன. கீழே தபாலம்மா மௌனப் பிரார்த்தனையை ஆரம்பித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மனைவியும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேலே மச்சான் பேசிக்கொண்டிருந்தார். அன்றைய தலைப்பு, பிரார்த்தனை என்பது தனக்குத்தானே பேசிக்கொள்வது. கேக்குதா மாடித் திருப்பத்தில் ஸ்டூலில் இருந்தார். கீழ்க் கூடத்தின் கம்பியில்லா மைக் திக்கிக்கொண்டிருந்ததால் அதை வாங்கி வந்து பேட்டரி மாற்றிச் சட்டைப் பையில் செருகியிருந்தார். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அதை இரண்டு பக்கக் குமிழிலும் ஏற்றிவிட்டிருந்தார். சோதித்துப் பார்ப்பதற்குள் மனம் வேறு பக்கம் போய்விட்டது.

மனம் போன பக்கம் வியாழக்கிழமை. அவர் ஒத்திகை பார்க்காமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. செய்ய முடியுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். செய்து பார்த்தால்தானே தெரியும். சுற்றிலும் பார்த்தார். படிக்கட்டில் யாரும் இல்லை. இரண்டு கூடத்துக் கதவும் சாத்தியிருந்தன. கைகளைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டார்.

"கேக்குதா?" என்றார்.

மேல் கூடத்தின் கடைசி வரிசையில் பழக்க தோஷத்தில் ஒருவர் கையைத் தூக்கினார். மச்சான் பேச்சை நிறுத்தினார். கீழே கண்ணை மூடியிருந்தவர்களில் பாதிப் பேர், யார் குரல் என்று தெரிந்தும் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்குப் புதிதாக வந்திருந்த காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக் "கேக்குது சாமி" என்றார்.

குரல் தொடர்ந்தது.

"உங்கள நீன்னு கூப்பிடணும்ங்கறாங்க. முன்ன பின்ன தெரியாதவங்கள நான் நீன்னு கூப்பிடறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க. நான் மைக்செட்காரன். உங்களப் பத்தி ரெண்டு பக்கமும் பேசினதெல்லாம் கேட்டிருக்கேன். நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்குப் பிடிபடல. இருந்தா உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். இல்லாட்டி நான் இந்தப் படிக்கட்டுகிட்ட பேசிட்டிருக்கேன், அதனால யாருக்கும் நஷ்டமில்ல."

கொஞ்சம் இருமினார். இரண்டு கூடத்திலும் இருமல் கேட்டது.

"நம்பறேன்னு சொல்லிட்டுத்தான் கேக்கணுமாம். சொன்னா அது பொய். முதல் முதல்ல பேசறோம், எடுத்ததும் பொய் வேணாமேன்னு பாக்கறேன். எனக்காக எதுவும் கேக்கல. எனக்கு மூட்டுவலி இருக்கு, அது கிடக்கட்டும். வியாழக்கிழமை என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். அவ உங்கள நம்பறா. சும்மா ஏனோதானோன்னு இல்ல, பாலாடை கழுவும்போதெல்லாம் உங்ககிட்டதான் பேசறா. அவ மயக்கத்துல இருக்கற நேரத்துக்கு என்னை ஆளா நிறுத்தறா. ஆள் சரியில்லன்னு அவ கணக்குல கழிச்சிடாதீங்க. நான்தான் சரியில்ல. அவ சரியாத்தான் இருக்கா."

அத்தோடு நின்றது. எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், கூட்டம் முடிந்ததும் எப்போதும் சொல்வதையே சொன்னார்: "ஒத்துழைச்சதுக்கு நன்றி."

மிக்சரில் பச்சை விளக்கு தன் மூச்சுக்கு ஏற்றபடி துள்ளுவதை அப்போதுதான் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார். பேசி முடித்ததும் மைக்கை அணையுங்கள் என்று ஊரில் உள்ள பேச்சாளர்களையெல்லாம் திட்டியவர். ஸ்டூலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பார்.

மேலிருந்து மச்சான் தன் ஆட்களோடு இறங்கி வந்தார். கீழிருந்து தபாலம்மா தன் ஆட்களோடு ஏறி வந்தார். வருஷக்கணக்காக ஒரே கட்டடத்தில் இருந்தும் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் நின்றது அன்றுதான். அவர்கள் சண்டை கேக்குதாவோடு இல்லை. அவர் யாருடைய ஆள் என்பதுதான் சண்டை. இருக்கிறாரா என்று தெரியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே எங்கள் ஆள் என்றார் மச்சான். விலாசம் எழுதியவர் விலாசத்தை நம்பித்தான் எழுதியிருக்கிறார், ஆகவே எங்கள் ஆள் என்றார் தபாலம்மா. முன்ன பின்ன தெரியாதவர் என்று சொன்னாரே என்று மேல் படியிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். மரியாதை கொடுத்துப் பேசினாரே என்று கீழ்ப் படியிலிருந்து ஒருவர் மடக்கினார். காது மந்தமான பெரியவர், சாமி எப்போது மறுபடியும் பேசும் என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நான் மைக்செட்காரன்" என்று கேக்குதா இரண்டு முறை சொன்னார். மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை.

மனைவி விலாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பேச்சும் அடங்கியது. மச்சான் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியின் கைப்பிடியைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"முடிச்சிட்டீங்களா, இன்னும் இருக்கா?"

"முடிஞ்சிடுச்சு."

"பாதி நேரம் உங்களப் பத்தியே பேசினீங்க. மூட்டுவலிய வேற நடுவுல இழுத்தீங்க. வியாழக்கிழமை என்னைப் பத்திப் பேசணும்."

"நம்பிக்கை இல்லாம பேசினேனே."

"அதைத்தான் அங்கயே சொல்லிட்டீங்கல்ல" என்றாள். "அப்புறம் என்ன. ஒளிச்சு வெச்சுப் பேசினாத்தான் தப்பு."

பிறகு, வீட்டில் பால் இல்லை, வரும்போது வாங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை காலை அவளைப் படுக்கை வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் வண்டி நின்றபோது அவர் பக்கம் திரும்பினாள். அவர் தலையாட்டினார். அவள் உதட்டை மூடிக்கொண்டாள். கதவும் மூடிக்கொண்டது.

எதிரே ஒரு நீளமான தாழ்வாரம். சுவரோரமாக நாற்காலிகள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. நேர் எதிரான நாற்காலியில் உட்கார்ந்து அவர் வேலையைத் தொடங்கினார். அவளைப் பற்றித்தான் பேசவேண்டும் என்ற உத்தரவு நினைவிருந்தது. அவள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது, கோபம் வந்தால் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பது, காப்பகத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் வீட்டிலிருந்தே பெயர் சொல்லிவிடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். கொஞ்ச நேரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தவளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறதா என்று வெட்கமாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சொன்னதையே சொல்வது மரியாதை இல்லை என்று தோன்றியதால், பிறகு தாழ்வாரத்தில் நடப்பதைத் தெரிவிக்க ஆரம்பித்தார். விளக்கு இன்னும் எரிகிறது. பச்சை உடுப்புப் போட்டவர் உள்ளே போகிறார். கையில் ஏதோ மூடிக்கொண்டு போகிறார். அது என்ன என்று எனக்குத் தெரியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் சொல்கிறோம் என்று இடையிடையே சந்தேகம் வந்தது. சந்தேகத்தையும் தெரிவித்துவிட்டு மேலே போனார். சந்தேகம் தீரவில்லை, வேலையும் நிற்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்த நாற்காலியில் இருப்பவர்களைப் போல ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தன.

மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வரலாமா என்றார். கேக்குதா வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். மச்சானுக்கு விஷயம் புரிந்தது. சிவப்பு விளக்கை ஒரு முறை பார்த்தார். கொண்டு வந்திருந்த பத்திரிகையை விரித்தார். அதில் ஒரு பிழைகூடத் திருத்தவில்லை.

இங்கேதான் கேக்குதாவுக்குச் சோதனை வந்தது. காலையிலிருந்து பதற்றத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருந்தார். முதலில் காலை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு இறுக்கிப் பார்த்தார். கூட்டம் என்றால் முன்கூட்டியே தயாராக வருவார். இன்றைக்கு மறந்துவிட்டார். விளக்கு சிவப்பாகவே இருந்தது. தாழ்வாரத்தில் வேறு தெரிந்த முகம் இல்லை. ஆள் மாற்றாமல் நகர முடியாது. அவர் மெதுவாக மச்சான் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், ரெண்டு நிமிஷம் இந்த நாற்காலில உக்காருங்க."

"ஏன்? இங்கயே உக்காந்திருக்கேனே."

"அது வேற நாற்காலி."

மச்சான் பத்திரிகையை மடித்தார். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக இதுவரை பொறுத்துக்கொண்டேன் என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். நான் யார், என் கொள்கை என்ன, என் ஆட்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். கேக்குதா காலை மறுபடியும் மாற்றிப் போட்டார். நெற்றியில் வேர்த்திருந்தது. மச்சான் அந்த வேர்வையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேணாம். இதுல உக்காந்து கதவைப் பாத்துக்கிட்டிருங்க. உங்க தங்கச்சிய நினைச்சுக்குங்க. வேற எதையும் நினைக்காதீங்க."

"யார்கிட்டயும் பேச மாட்டேன்."

"பேச வேணாம்."

கேக்குதா எழுந்து நின்றார். மச்சான் அந்த நாற்காலியில் உட்காரும் வரைக்கும் நின்றார். அதற்குப் பிறகுதான் ஓடினார்.

கழிப்பறையில் வரிசை நின்றது. அவருக்கு முன்னால் இருந்தவர் கையை மணிக்கட்டுவரை பொறுமையாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். திரும்பி வந்தபோது மச்சான் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, இமைக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. இமைக்காததால் இருக்கலாம்.

"எங்க போனீங்க மாப்ளே? ரெண்டு நிமிஷம்னீங்களே" என்றார். "ஒருத்தர் வந்து இந்த நாற்காலி காலியான்னு கேட்டார். பாத்தா தெரியலையான்னு கேட்டுட்டேன். பாவம், நடக்க முடியாத மனுஷன்."

சொன்னாரே தவிர உடனே எழுந்திருக்கவில்லை. கேக்குதா தோளைத் தொட்டபின்தான் எழுந்தார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பச்சை உடுப்புக்காரர் வந்து சொன்னார். எடுத்த கற்களை ஒரு சிறிய டப்பாவில் போட்டுக் காட்டினார். மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இதற்கா இத்தனை அமர்க்களம் என்றார். மாலை தபாலம்மா போன் செய்து, பலித்ததா, இப்போதாவது நம்புகிறீர்களா என்று கேட்டபோது, டாக்டர் நன்றாகச் செய்தார், மற்றதைப் பற்றித் தெரியவில்லை என்றார் கேக்குதா. தபாலம்மா பெருமூச்சு விட்டார். ஒலிபெருக்கிக்கு அடுத்த ஞாயிறும் அவரே வரவேண்டும் என்றார்.

அதற்கு முன்பே, மதியம் மனைவிக்கு நினைவு தெளிந்தபோது வார்டில் இருவரும் இருந்தார்கள். மச்சான் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நாக்கு வறண்டிருந்ததால் சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன.

"நடுவுல எழுந்து போனீங்களா?"

அவர் கை இடது காதுப் பக்கம் போகவில்லை. "போனேன்" என்றார்.

"ஆள் மாத்தினீங்களா?"

"மாத்தினேன்."

"யாரை?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவளும் பார்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அண்ணனின் காது மடல் சிவந்துகொண்டு வந்தது.

"நான் நாற்காலியத்தான் பாத்துக்கிட்டேன்" என்றார் மச்சான், தொட்டியிடம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வயிறுதான் குலுங்கியது. பிறகு வலியில் முகம் சுருங்கியது. சுருங்கிய முகத்தோடு மேலும் சிரித்தாள். நர்ஸ் ஓடி வந்து, தையல் போட்ட உடம்பு, சிரிக்கவே கூடாது, சிரிக்கவைக்கும் ஆட்கள் வெளியே போங்கள் என்று இருவரையும் தாழ்வாரத்துக்கு விரட்டினாள்.

வெளியே மச்சான் சிறிது நேரம் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு கேக்குதாவின் பக்கத்தில் வந்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, நான் உக்காந்திருந்த நேரத்துல உள்ள ஏதும் கோளாறு ஆயிடலையே?"

"டாக்டரைத்தான் கேக்கணும் மச்சான்."

மச்சான் சட்டையைச் சரிசெய்துகொண்டு டாக்டரைத் தேடிப் போனார்.